கட்டத்தாளின் ஓரம்

மெழுகு உருகும் வாசனை எங்கே வந்தாலும் மனசு சைதாப்பேட்டை வீட்டின் பின்கட்டுக்குப் போய்விடுகிறது. அங்கேதான் சித்தி மண்ணெண்ணெய் அடுப்பை ஏற்றி, அடி கறுத்த அலுமினியக் குண்டானில் பாரஃபினையும் தேன்மெழுகையும் சேர்த்து உருக்குவாள். தீ கொஞ்சம் கூடினாலும் புகை கிளம்பிக் கண் எரியும். குறைந்தால் மெழுகு துணியின் மேலேயே உறைந்து உட்கார்ந்துவிடும், நூலுக்குள் இறங்காது. துணியைத் திருப்பினால் பின்பக்கத்திலும் மெழுகு தெரிய வேண்டும், அதுதான் பதம். தூரிகையின் நுனியிலிருந்து மெழுகு வழிகிற விதத்தைப் பார்த்தே சித்தி பதத்தைச் சொல்லிவிடுவாள்.

1970களின் நடுப்பகுதி அது. முன்பக்கம் நாங்கள், பின்பக்கம் சித்தப்பா குடும்பம், பொதுவாக ஒரு கிணறு, ஒரு துணி உலர்த்தும் கொடி. சித்தப்பா ஓவியர். சித்தி ஓவியம் படித்தவள் இல்லை. கல்யாணத்துக்குப் பிறகு அவரிடம் பாடிக் என்னும் இந்த மெழுகுச் சாய வேலையைக் கற்றுக்கொண்டு, சீக்கிரமே அவரைத் தாண்டிப் போனவள். கைக்குட்டை, மேஜை விரிப்பு, சுவரில் தொங்கவிடும் படம் என்று கைவினைக் கடைகளுக்குச் செய்து கொடுப்பாள். எங்களைப் போன்ற வாண்டுகளுக்கு வேலை, துணியிலிருந்த கஞ்சி போக அலசி நிழலில் காயப் போடுவது.

மெழுகு போட்ட துணியைச் சூடான சாயத்தில் முக்க முடியாது, மெழுகு கழன்றுவிடும். அதனால் குளிர்ந்த நீரில் ஏறும் சாயங்கள்தான். இளம் நிறத்தில் தொடங்கி அடர்ந்த நிறத்துக்குப் போக வேண்டும். முதலில் மஞ்சள். மஞ்சளாகவே நிற்க வேண்டிய இடங்களை மெழுகால் மூடிவிட்டுச் சிவப்பு. சிவப்பை மூடிவிட்டுக் கடைசியில் பழுப்போ கறுப்போ. அந்தக் கடைசிச் சாயத்துக்கு முன்னால் சித்தி துணியை இரண்டு கைகளாலும் கசக்குவாள். பாரஃபின் உடைகிற சாதி, தேன்மெழுகு வளைகிற சாதி. இரண்டையும் எந்த அளவில் கலந்தோமோ அந்த அளவுக்கு விரிசல் விழும். விரிசலுக்குள் கறுப்பு இறங்கி நரம்பு நரம்பாக ஓடும். இரண்டு துணிகளில் ஒரே மாதிரி ஓடி நான் பார்த்ததில்லை.

கொதிநீரில் மெழுகை எடுத்த பிறகு துணி கொடியில் தொங்கும். சித்தப்பா அதன் முன்னால் வந்து நிற்பார். சித்தி பாடுபட்டு வரைந்த மயில் நடுவில் இருக்கும். அவர் கண் மயிலுக்குப் போகாது. மயிலுக்குப் பின்னால் இருக்கும் வெற்றிடத்தில் ஓடும் கோடுகளையே பார்த்துக்கொண்டிருப்பார்.

“இதை எவனாலும் வரைய முடியாது. தானா வரணும்.”

“தானா ஒண்ணும் வரலை. நான் கசக்கினேன்” என்பாள் சித்தி.

அரூப ஓவியம் பற்றி எவ்வளவோ வாசித்துவிட்டேன். அந்தக் கொடிக்கு அடியில் கேட்ட இந்த இரண்டு பேச்சுக்கும் நடுவில் இருப்பதைத் தாண்டி யாரும் எனக்குப் புதிதாக எதையும் சொல்லிவிடவில்லை.

சித்தப்பா படித்தது எழும்பூர் ஓவியக் கல்லூரியில். 1850இல் அலெக்சாண்டர் ஹண்டர் என்ற மருத்துவர் தொடங்கிவைத்த பள்ளி அது. கைத்தொழில் கற்பிக்கத்தான் தொடங்கினார்கள். பின்னால் தேவி பிரசாத் ராய் சௌத்ரி முதல்வராக வந்து, நுண்கலையை அதன் நடுவில் வைத்தார். மெரினாவில் பாறையைப் புரட்டும் உழைப்பாளர் சிலை அவருடையது. அவர் ஓய்வு பெற்றதும் 1957இல் அவருடைய மாணவர் கே.சி.எஸ். பணிக்கர் முதல்வரானார். உருவத்தை அச்சு அசலாக வடித்த குருவின் நாற்காலியில் உருவத்தையே கரைக்கப் போகிற சீடர் வந்து அமர்ந்தார். சித்தப்பா அந்த வாசலில் நுழைந்தது பணிக்கர் காலத்தில். சிற்பத்துக்கு எஸ். தனபால், ஓவியத்துக்கு சந்தானராஜ், முனுசாமி. இந்தப் பெயர்களைச் சொல்லும்போது சித்தப்பா குரலைத் தாழ்த்திக்கொள்வார். வாத்தியார்கள் என்றால் அவருக்கு அவர்கள்தான், மற்றவர்கள் பாடம் நடத்தியவர்கள்.

பணிக்கரை உறுத்திய கேள்வி ஒன்றுதான். நல்ல கை உள்ள பையன்கள் ஐந்தாறு வருஷம் படித்து முடிக்கிறார்கள். வெளியே போனதும் ஏதோ ஒரு ஆபீசில் குமாஸ்தாவாகிறார்கள், தூரிகை காய்ந்துபோகிறது. அவரே ஓவியப் பள்ளிக்கு வருமுன் தந்தி இலாகாவிலும் இன்ஷூரன்சிலும் இருந்தவர், அந்த நாற்காலி எப்படிப்பட்டதென்று அவருக்குத் தெரியும். ஓவியம் விற்காது, அதிலும் இந்தப் புதுமாதிரி ஓவியம் கண்டிப்பாக விற்காது. ஆனால் கைவினை விற்கும். அப்படியென்றால் பகலில் பாடிக், தோல் வேலை, உலோக வேலை செய்து சோற்றுக்கு வழி பண்ணிக்கொள், மிச்ச நேரத்தில் உன் ஓவியத்தை யாருக்கும் வளைந்து கொடுக்காமல் வரை. கைவினை விற்ற பணத்தைச் சேர்த்துத்தான் ஓவியர்கள் ஈஞ்சம்பாக்கத்தில் கடலோர மணல் நிலத்தை வாங்கினார்கள். 1966இல் சோழமண்டலம் ஓவியர் கிராமம் எழுந்தது. சர்க்கார் மானியமோ ஜமீன்தார் தயவோ அதன் அஸ்திவாரத்தில் இல்லை, மெழுகுத் துணி இருந்தது. இதை அழுத்திச் சொல்ல வேண்டும் என்று தோன்றுகிறது. இன்று அந்தப் பெயர்களெல்லாம் ஏலங்களில் அடிபடுவதைப் பார்க்கிறவர்களுக்கு இது தெரிவதில்லை.

சித்தப்பா அங்கே நிலம் வாங்கவில்லை. கூட்டுக் குடும்பம், இரண்டு தங்கைகளின் கல்யாணம், அதற்கெல்லாம் மாதச் சம்பளம் தேவைப்பட்டது. ஆனால் நண்பர்கள் அங்கே இருந்தார்கள். அதனால் சில ஞாயிறுகளில் கிளம்பிவிடுவோம். திருவான்மியூர் வரை ஒரு பஸ், அங்கிருந்து எப்போது வரும் என்று தெரியாத இன்னொரு பஸ். சாலையின் இரண்டு பக்கமும் சவுக்குத் தோப்பு, நடுநடுவே தாழம்புதர், வெயில் ஏற ஏறச் சுடும் மணல். எவர்சில்வர் தூக்கில் சித்தி புளியோதரை கட்டிக்கொண்டு வருவாள். அங்கே போய்ச் சேர்ந்தால் பாதி வீடுகளில் கதவு திறந்தே கிடக்கும். ஒருவர் தகரத் தகட்டைச் சுத்தியலால் தட்டிக்கொண்டிருப்பார், ஒருவர் வாசலில் உட்கார்ந்து மீன் கழுவிக்கொண்டிருப்பார். ஓவியர் வீடு என்று நான் மனசில் நினைத்து வைத்திருந்த எதுவும் அங்கே இல்லை. சாயக்கறை படிந்த விரல்களோடு சாப்பிட உட்கார்ந்தவர்களைப் பார்த்தேன். எங்கள் சித்தியின் விரலும் அப்படித்தான் இருந்தது.

பணிக்கரின் ‘சொற்களும் குறியீடுகளும்’ வரிசைப் படம் ஒன்றை நான் முதலில் பார்த்ததும் அந்த நாட்களில்தான். 1963 முதல் அவர் வரைந்துகொண்டிருந்த வரிசை அது. அருகே போய் வாசிக்க முயன்றேன். மலையாளம் மாதிரி இருந்தது, ஆனால் மலையாளம் தெரிந்தவர்களாலும் வாசிக்க முடியாதாம். ஜாதகக் கட்டம், கணக்கு வாய்ப்பாட்டின் குறிகள், அம்புக்குறி, ஒரு சின்னப் பறவை, அதைச் சுற்றி எறும்பு ஊர்வதுபோல் எழுத்தாகாத எழுத்துக்கள். எழுத்துக்கூட்டிப் படிக்கப் பழகிய எனக்குத் தவிப்பாக இருந்தது. சித்தப்பாவின் சட்டையைப் பிடித்து இழுத்து, “என்ன எழுதியிருக்கு?” என்று கேட்டேன்.

“கோயில் சுவத்துல கல்வெட்டு பாத்திருக்கியே, அதுல என்ன எழுதியிருக்குன்னு தெரியுமா உனக்கு?”

“தெரியாது.”

“ஆனா தொட்டுப் பாத்தே இல்ல?”

அவ்வளவுதான் சொன்னார். அதற்குப் பிறகு நான் எந்த அரூப ஓவியத்திடமும் அர்த்தம் கேட்டு நின்றதில்லை. தொட அனுமதிக்க மாட்டார்கள், ஆனால் கண்ணால் தடவிப் பார்க்கலாம். பணிக்கர் 1977 ஜனவரியில் மறைந்தார். பிற்பாடு திருவனந்தபுரம் அருங்காட்சியக வளாகத்தில் அவருக்கென்று இருக்கும் கூடத்துக்குப் போனபோது, தொடக்க கால நீர்வண்ணங்களில் கேரளத்துத் தென்னையும் உப்பங்கழியும் பளிச்சென்று இருந்தன. அங்கிருந்து நடந்து நடந்து கடைசிச் சுவர்களுக்கு வரும்போது தென்னை போய், நீர் போய், அவை இருந்த வெளி மட்டும் தங்கியிருந்தது. அந்தக் கூடத்தில் ஒரு மத்தியானம் முழுக்க உட்கார்ந்திருந்தேன்.

சித்தப்பா வேலை பார்த்தது நெசவாளர் சேவை மையத்தில். கைத்தறிக்கு வடிவம் போட்டுக் கொடுக்க ஓவியர்களை அமர்த்திய மத்திய அரசின் அலுவலகம். சென்னையில் கே.எம். ஆதிமூலம் போன்றவர்கள் அங்கே பணிபுரிந்தார்கள். பல ஊர்களில் நவீன ஓவியத்தின் முக்கியமான கைகள் பல இந்த மையங்களில்தான் சம்பளம் வாங்கின. காஞ்சிபுரத்திலும் ஆரணியிலும் தறியில் ஏறப்போகும் கரைக்கும் முந்திக்கும் சித்தப்பா கட்டத்தாளில் வடிவம் போடுவார். கட்டத்தாளின் ஒவ்வொரு சின்னக் கட்டமும் பாவு நூலும் ஊடை நூலும் ஒன்றையொன்று கடக்கும் ஓரிடம். நிறம் பூசிய கட்டம் என்றால் அங்கே பாவு தூக்க வேண்டும், வெறுங்கட்டம் என்றால் இல்லை. ஆகவே யானையாக இருந்தாலும் அன்னமாக இருந்தாலும் கட்டத்தாளில் படிக்கட்டுப் படிக்கட்டாகத்தான் வளையும். கிட்டத்தில் பார்த்தால் யானை தெரியவே தெரியாது. சிவப்புக் கட்டமும் வெள்ளைக் கட்டமும் ஒன்றோடொன்று பேசிக்கொள்வது மட்டும் தெரியும்.

கல்லூரி நாட்களில் கைச்செலவுக்கு அவர் சினிமா பேனர் பட்டறைகளிலும் நின்றிருக்கிறார். அங்கேயும் கட்டம்தான். புகைப்படத்தில் பென்சிலால் சின்னக் கட்டம், துணியில் நூலைச் சுண்ணாம்பில் தோய்த்துத் தெறித்த பெரிய கட்டம். ஒவ்வொரு கட்டத்தையும் தனித்தனியாகப் பெரிதாக்கி நிரப்ப வேண்டும். புதிதாக வந்த பையனுக்கு முகத்தைக் கொடுக்க மாட்டார்கள், கன்னத்தில் ஒரு பகுதி, புடவையின் ஒரு மடிப்பு. சாரத்தில் நின்று நாள் முழுக்க ஆள் உயரத்துக்கு ரோஸ் வண்ணம் பூசுகிறவனுக்குக் கதாநாயகி எங்கே தெரிவாள்? ரோஸும் அதன் ஓரத்தில் கசியும் ஊதாவும்தான் தெரியும். “கீழ நிக்கிறவனுக்கு அது முகம். எனக்கு அது வெறும் கலர். ரெண்டும் பொய் இல்ல” என்று சொல்லியிருக்கிறார்.

அரூப ஓவியம் என்றால் வேலைவெட்டி இல்லாதவர்களின் விளையாட்டு, அல்லது பாரிஸில் பார்த்ததை இங்கே இறக்கியது என்று சொல்கிறவர்களை நிறையக் கேட்டிருக்கிறேன். மேற்கிலிருந்து வந்த புத்தகங்களும் அச்சுப் படங்களும் அவர்களுக்கு ஊக்கம் கொடுத்தது உண்மை. ஆனால் நான் கண்ணால் பார்த்த அரூபம் கூலி வேலையிலிருந்து வந்தது. கட்டத்தை நிரப்பிய கை, மெழுகு உடைவதைப் பார்த்த கண், இவற்றுக்கு உருவம் என்பது தூரத்திலிருந்து பார்க்கிறவரின் வசதி என்று எப்போதோ தெரிந்துவிட்டது.

இரவு சாப்பாடு முடிந்து, பாத்திரச் சத்தம் அடங்கிய பிறகு அவருடைய நேரம் தொடங்கும். நல்ல கித்தான் விலை கட்டுபடியாகாது. காடாத் துணியைச் சட்டத்தில் இழுத்து ஆணியடித்து, வஜ்ரப் பசை காய்ச்சி, ஜிங்க் வெள்ளை கலந்து பூசித் தானே கித்தான் தயார் செய்வார். வஜ்ரம் காயும் நாற்றத்துக்கு என் அம்மா ஜன்னலைச் சாத்துவாள். குழாய் வண்ணத்தைத் தூரிகையில் எடுப்பதைவிடக் கத்தியில் எடுப்பதுதான் அவருக்கு இஷ்டம். இழுப்பார், நின்று பார்ப்பார், பழைய வேட்டித் துணியால் துடைத்து எடுப்பார். துடைத்த பிறகும் துணியின் நூலிழைகளுக்கு நடுவில் கொஞ்சம் நிறம் தங்கிவிடும். அந்தத் தங்கிய நிறத்தின் மேல்தான் அடுத்தது. ட்யூப் லைட் வெளிச்சம் வேறு அவரை ஏமாற்றும். மஞ்சள் பச்சையாகத் தெரியும், சிவப்பு செத்துத் தெரியும். ராத்திரி மனக்கணக்கில் கலந்த நிறம் சரியா என்று பார்க்க, விடிந்ததும் கித்தானைத் தூக்கிக் கிணற்றடியில் வைப்பார். பால்காரர் வரும் நேரம். சைக்கிளை நிறுத்தி அவரும் பார்ப்பார். “சார், நேத்து இருந்த சிவப்பு நல்லாருந்துச்சே” என்று ஒரு நாள் சொன்னார். சித்தப்பாவுக்கு அன்றைக்கு முழுக்க அந்தச் சந்தோஷம் அடங்கவில்லை.

பெரியப்பாவுக்குத்தான் பொறுக்காது. “ஏண்டா, ஒரு முருகன் படம் போடேன், நாலு வீட்டுல மாட்டுவான்” என்பார். சித்தப்பா மறுத்துப் பேச மாட்டார். சொல்லப்போனால் அருமையான முருகன் ஒன்று வரைந்து பெரியப்பாவுக்கே கொடுத்தார், பூஜை அறையில் வெகுகாலம் இருந்தது. அதன் மயில் தோகைக்குப் பின்னால் இருக்கும் வானத்தை மட்டும் யாரும் கவனித்திருக்க மாட்டார்கள். அது கத்தியால் இழுத்த வானம்.

நவீன ஓவியம் எங்களைப் போன்ற வீடுகளுக்குள் வந்தது கண்காட்சிக் கூடங்கள் வழியாக இல்லை, பத்திரிகைகள் வழியாக. சிறுபத்திரிகைக்காரர்களும் ஓவியர்களும் அப்போது ஒரே டீக்கடையில் உட்கார்ந்தவர்கள். கவிதைக்குப் பக்கத்தில் ஆதிமூலத்தின் கோடு இருக்கும். காந்தி நூற்றாண்டில், 1969இல், அவர் வரைந்த நூறு காந்தி கோட்டோவியங்களைப் பற்றிச் சித்தப்பா சொல்லச் சொல்லக் கேட்டிருக்கிறேன். அப்புறம் கி. ராஜநாராயணனின் கரிசல் காட்டுக் கடுதாசித் தொடருக்கு அவர் வரைந்த படங்கள் வாராவாரம் வீட்டுக்கே வந்தன. முறுக்கிய மீசையும் கிழடு தட்டிய கையும் கொண்ட மனிதர்கள். அந்தக் கை பின்னாளில் கறுப்பு மசியை வைத்துவிட்டு எண்ணெய் வண்ணத்துக்குப் போய், உருவமே இல்லாத பெரும் நிறவெளிகளை வரைந்தபோது பலருக்கு வருத்தம். எனக்கு இல்லை. துறையூர்ப் பக்கத்துக் கீரம்பூரில் பிறந்தவருக்குள் அந்த மண்ணும் பாறையும் வெயிலும் கோடாக இருந்தது போதும் என்று நிறமாகிவிட்டன, அவ்வளவுதான். அவர் 2008இல் போய்விட்டார்.

சோழமண்டலத்தைப் பற்றிப் பேசும்போது எல்லாம் இனித்தது என்று சொல்லிவிட முடியாது. கே. ராமானுஜம் அங்கே இருந்தார். மனநோயோடு போராடிய அந்த இளைஞர் மசியில் இழைத்த கனவு நகரங்களைப் போல, சிறகு முளைத்த பிராணிகளும் மாளிகைகளும் நெளியும் உலகத்தைப் போல, வேறு யாரும் வரையவில்லை. 1973இல் அங்கேயே தன் உயிரை முடித்துக்கொண்டார், முப்பதைக் கடந்து சில வருஷங்கள்தான் ஆகியிருந்தன. பெரியவர்கள் அந்தப் பேச்சை எங்கள் முன்னால் எடுக்க மாட்டார்கள். அங்கிருந்த ஓவியர்களில் விஸ்வநாதனும் அக்கித்தம் நாராயணனும் பாரிஸுக்குப் போய்விட்டார்கள். விஸ்வநாதன் 1976இல் இந்தியக் கடற்கரை நெடுக ஊர் ஊராக மணல் சேகரித்து, அதை வைத்தே படைப்புகள் செய்ததை அறிந்தபோது எனக்கு ஈஞ்சம்பாக்கத்து மணல் ஞாபகம் வந்தது. ஹரிதாசன் யந்திர வடிவங்களுக்குள் போனார், பிறகு திருவனந்தபுரத்துக்கு. வாசுதேவ் பெங்களூருக்கு. பணிக்கரின் மகன், சிற்பி நந்தகோபால், கடைசி வரை அங்கேயே இருந்து 2017இல் மறைந்தார்.

கிழக்குக் கடற்கரைச் சாலை வந்து, சவுக்குத் தோப்பெல்லாம் மனைகளாகி, தாழம்புதர் இருந்த இடத்தில் ஓட்டல்கள் வந்துவிட்டன. கிராமம் இருக்கிறது, 2009இல் திறந்த அருங்காட்சியகமும் நன்றாக இருக்கிறது. சந்தானராஜையும் முனுசாமியையும் ஆதிமூலத்தையும் ஒரே கூரையின் கீழ் பார்க்க முடிவது சின்ன விஷயமில்லை, இளைஞர்களை அங்கே அனுப்பிக்கொண்டே இருக்கிறேன். எனக்குப் போனது வேறு. பகல் வேலைக்கும் ராத்திரி வேலைக்கும் நடுவில் இருந்த அந்தக் கதவு. ஒரு கையிலிருந்து இன்னொன்றுக்கு எதுவோ கசிந்துகொண்டே இருந்தது. இன்று எனக்குத் தெரிந்த இளம் ஓவியர்கள் அனிமேஷன் கம்பெனியிலும் விளம்பரத்திலும் நாள் முழுக்கத் திரையைப் பார்த்துவிட்டு வருகிறார்கள். களைப்பு அதேதான். ஆனால் மெழுகு உடைவதுபோல், நூல் கடப்பதுபோல், எதிர்பாராமல் கைக்குச் சொல்லிக் கொடுக்கும் ஒன்று அந்தத் திரையில் இருக்கிறதா என்று அவர்கள்தான் சொல்ல வேண்டும். இருக்கிறது என்று ஒருத்தி என்னிடம் சண்டை போட்டாள். சந்தோஷமாக இருந்தது.

சித்தப்பா தனிக் கண்காட்சி வைக்கவில்லை. குழுக் கண்காட்சிகளில் ஒன்றிரண்டு படங்கள், அதில் விற்றவை விரல்விட்டு எண்ணக்கூடியவை. சட்டமும் துணியும் மிச்சம் பிடிக்கத் தன் பழைய படங்களின் மேலேயே புதியவற்றை வரைந்தார். எனவே அவர் விட்டுப்போன ஏழெட்டுக் கித்தான்களுக்குள் எத்தனை படங்கள் இருக்கின்றன என்று யாருக்கும் தெரியாது. ஓரங்களில் வண்ணம் பெயர்ந்த இடத்தில் அடியில் ஒரு பச்சை தெரிகிறது, அதற்கும் அடியில் ஒரு செங்கல் நிறம். சேலத்து அத்தை வீட்டில் ஒன்று, என் தம்பி வீட்டில் இரண்டு, மற்றவை என்னிடம்.

ஆனால் எனக்குப் பெரிய சொத்து அவர் வீட்டுக்குக் கொண்டு வந்து முடித்த கட்டத்தாள்கள்தான். நடுவில் முந்தியும் புட்டாவும் ஒரு கட்டம் பிசகாமல் இருக்கும். ஓரத்தில், வெறுமையாக விட வேண்டிய இடத்தில், சேலைக்குச் சம்பந்தமே இல்லாத நிறங்களைத் தீற்றிப் பார்த்திருக்கிறார். அலுவலக நேரத்திலேயே அன்று ராத்திரிக்கான மஞ்சளைத் தேடியிருக்கிறார். சில தீற்றல்களை என்னிடம் உள்ள கித்தான்களோடு பொருத்திப் பார்க்க முடிகிறது, இந்த ஓரம் அந்தப் படம் என்று. சித்தியிடம் அவளுடைய சாயக் குறிப்பேடு இருக்கிறது. எந்தச் சாயம், எத்தனை நிமிஷம், மெழுகில் எது எத்தனை பங்கு என்று பென்சிலில் எழுதியது. அதன் அட்டையிலும் அதே மஞ்சள் ஒரு விரல் அகலத்துக்கு இருக்கிறது, அவள் கை பட்டதா அவர் கை பட்டதா என்று இருவரும் சேர்ந்து யோசித்துப் பார்த்தோம். சென்னையின் அரூப ஓவியத்தைப் பற்றி ஆராய்கிற பிள்ளைகள் யாராவது இருந்தால், இரண்டையும் எடுத்து வைத்திருக்கிறோம். பகலில் வாருங்கள், கிணற்றடி இப்போது இல்லை, ஆனால் மாடியில் நல்ல வெளிச்சம் இருக்கிறது.